பதினோரு தாய்மார்

அந்தப் பைய மடியில தூக்கி வச்சுக்கிருங்கக்கா, கீழ தண்ணி ஓடுது. பின்னாடி எவனோ மீன் பெட்டி ஏத்தியிருக்கான் போல. என் பையா? இது மடியிலதான் இருக்கணும். பதினோரு பேரு தலையெழுத்து இதுக்குள்ள இருக்கு. நனைஞ்சா போச்சு.

நீங்களும் டவுனுக்கா? கடைசி ஸ்டாப்பா? நல்லதாப் போச்சு. நான் கல்வி ஆபீஸ் ஸ்டாப்புல இறங்கணும், கண்ணு அசந்துட்டேன்னா கொஞ்சம் தட்டி விடுங்க. இப்பல்லாம் உக்காந்தாப் போதும், தூங்கிர்றேன். நின்னாலும் தூங்குவேன்.

நான் டீச்சர்க்கா. பூங்கோதை. நடுநிலைப் பள்ளியில கணக்கு டீச்சர். இருபத்தியோரு வருஷ சர்வீஸ். ஜன்னலோரம் உக்காந்திருக்கது என் மக, இலக்கியா. ஆறாவது முடிச்சு ஏழாவது போறா. இலக்கி, பெரியம்மாவுக்கு வணக்கம் சொல்லு. ஏய் இலக்கி. இலக்கியா! பாத்தீங்களா? கழுத்து திரும்புதா பாருங்க. கூப்பிடுறது பெத்த தாயி, ஒரு சாண் தூரத்துல உக்காந்திருக்கேன். இதுதான்க்கா என் வீட்டு நிலவரம்.

இவளை எதுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்னா, ஆபீஸ் வேலை முடிஞ்சதும் அப்படியே ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்துரலாம்னுதான். டவுனுக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்கூல் இருக்கு. ரொம்பக் கண்டிப்பாம். மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமைதான் பாக்க விடுவாங்க. திமிரு புடிச்ச பிள்ளையெல்லாம் அங்க போயி ஆறே மாசத்துல பொட்டிப் பாம்பா அடங்கிருதாம். துணிமணியெல்லாம் மேல அந்த நீலப் பையில இருக்கு. இவகிட்ட இன்னும் சொல்லல. பெரியப்பா வீட்டுக்குப் போறோம்னு சொல்லித்தான் ஏத்தியாந்தேன். மெதுவாப் பேசணுமா? அட, நீங்க வேற. இவ முன்னாடி எதை வேணும்னாலும் பேசலாம்க்கா. காதுல வாங்குனாத்தான! பாருங்க, எப்பத் திரும்புனாளோ, நம்மளையே பாக்குறா. கூப்பிட்டா பாக்க மாட்டா, நாம நாலு வார்த்தை பேசுனா மட்டும் வாயையே பாப்பா. என்னடி? ஒண்ணுமில்ல. அங்கிட்டுத் திரும்பி வேடிக்கை பாரு.

நீங்க என்ன வேலை பாக்குறீங்க? பால்வாடியில ஆயாவா? குடுத்து வச்சவங்கக்கா. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். கஞ்சி காய்ச்சணும், பிள்ளைக மூக்கத் தொடைக்கணும், தூங்க வைக்கணும். இந்தப் பயிற்சி எழவு உங்களுக்குக் கிடையாதுல்ல?

எங்களுக்கு உண்டு. இந்த நெட்டுல இப்ப எல்லாமே சும்மா கெடைக்குதுக்கா. பாடம், படம், பரிட்சை, சர்டிபிகேட்டு, எல்லாம் இலவசம். பிள்ளைகளுக்குத் தனியா, வாத்தியாருக்குத் தனியா. யாரு வேணும்னாலும் பாக்கலாம், எடுத்துக்கலாம், அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம். நல்ல விஷயந்தான், நான் ஒண்ணும் குறை சொல்லல. கஞ்சிக்கு இல்லாத வீட்டுப் பிள்ளை கூட ஒரு செல்லு கெடச்சா பெரிய பெரிய காலேஜ் பாடத்தைப் பாத்துக்கலாம். ஆனா ஓசியில குடுக்குறவங்க ஒண்ணோட நிப்பாங்களா? இந்த வருஷம் மட்டும் எங்களுக்கு ஒம்பது பயிற்சி. கதை சொல்லிப் பாடம் நடத்துவது எப்படி, குப்பையில இருந்து பொம்மை செய்வது எப்படி, பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது எப்படி. நாங்க சிரிச்சு எத்தனை நாளாச்சுன்னு ஒருத்தரும் கேக்கல.

ஒவ்வொரு பயிற்சியும் நாலு மணி நேர வீடியோ. தள்ளி விட்டா தள்ளாது. நடுநடுவுல 'தொடரலாமா?'ன்னு ஒரு பெட்டி வரும், அதைத் தொடலேன்னா அப்படியே நின்னுரும். கடைசியில பத்து கேள்வி. அப்புறம் 'இப்பயிற்சியால் என் வகுப்பில் நிகழ்ந்த மாற்றம்'னு ஒரு பத்தி எழுதணும். எழுதுனாத்தான் சர்டிபிகேட்டு.

எங்க ஸ்கூல்ல நாங்க பதினோரு பேரு. மொதல்ல ஜெயசீலி டீச்சர்தான் வந்து உக்காந்து அழுதாங்க. அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகப் போறவங்க. செல்லுல பச்சையை அமுக்கிப் பேசத் தெரியும், சிவப்பை அமுக்கி வைக்கத் தெரியும், அம்புட்டுதான். 'பூங்கோதை, இது முடிக்கலேன்னா பென்ஷன்ல கை வைப்பாங்களாடி'ன்னு கேட்டாங்க. பாவமா இருந்துச்சு. நான் முடிச்சுக் குடுத்தேன். மறுநாள் டிராயிங் மாஸ்டர் வந்தாரு. அதுக்கு மறுநாள் பி.டி. சார். இடம் குடுத்தா மடத்தைப் புடுங்குறதுன்னு சும்மாவா சொன்னாங்க? எங்க ஹெட்மாஸ்டர் தங்கமாரியப்பன் சார் மட்டும் கௌரவமாக் கேட்டாரு. 'டீச்சர், என்னோடதுல ஏதோ கோளாறு, கொஞ்சம் பாருங்களேன்'னாரு. கோளாறு என்னன்னா, மனுசன் அதைத் தொறந்ததே இல்ல.

மதியச் சாப்பாட்டு நேரத்துல நீங்க எங்க ஸ்டாஃப் ரூமுக்கு வந்து பாக்கணும்க்கா. மேசை மேல வரிசையா டிபன் பாக்ஸு. ஒவ்வொரு டிபன் பாக்ஸுலயும் ஒரு செல்லு சாஞ்சு நிக்கும். எல்லாத்துலயும் ஒரே அம்மா, ஒரே பச்சைப் புடவை, வாயை வாயைத் தொறக்கும். சத்தம் வைக்க மாட்டோம். பத்து செல்லுல ஒரே அம்மா ஒண்ணு மாத்தி ஒண்ணு பேசுனா மண்டை கிறுக்காயிரும். நான் ஒரு கையில சோறு, ஒரு கையில சிவப்புப் பேனா, 'தொடரலாமா' பெட்டி எங்க வருதோ அங்க போயி முழங்கையால ஒரு தட்டு. அந்த அம்மா என்ன சொல்லுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு ஒரு உளுந்த வடை வாங்கிக் குடுப்பாங்க. 'நம்ம ஸ்கூல் கம்ப்யூட்டரே டீச்சர்தான்'னு ஹெட்மாஸ்டர் சொல்லுவாரு. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. நாந்தான் அந்த ஆண்டி.

மிச்சத்தை வீட்டுல. கொழுந்தனாரோட பழைய லேப்டாப்பு ஒண்ணு கெடந்துச்சு, அடுப்படி மேடையில தொறந்து வச்சுருவேன். நான் வெங்காயம் உரிக்க, அது பாட்டுக்கு ஓடும். அந்நேரம் பாத்து இவ வந்து ஸ்டூலைப் போட்டு உக்காந்துருவா.

ஆமா, இவதான். பயிற்சி எனக்கா இவளுக்கான்னு தெரியாது. நாலு மணி நேரமும் அசையாமப் பாப்பா. கீழ தமிழ்ல எழுத்து ஓடுமுல்ல, அந்தம்மா பேசுறதெல்லாம் வரி வரியா? அதையே படிச்சுக்கிட்டு இருப்பா. 'சவுண்டு வச்சுத்தான் பாரேன்டி'ன்னா வேணாம்னு தலையாட்டுவா. என் செல்லு கெடச்சாலும் அதே கதைதான். பிள்ளைகளுக்குன்னு இலவசப் பாடம் போட்டிருக்காங்கல்ல, அதுல எழுத்து ஓடுற பாடமாப் பாத்துப் பொறுக்கி எடுத்துப் பாப்பா. பின்னம் எல்லாம் அதுல பாத்தேதான் போட்டா. நான் கணக்கு டீச்சர், நான் வாய் வலிக்கச் சொல்லிக் குடுத்தப்ப ஏறல, ஓசி வீடியோவுல ஏறிருச்சு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. செல் பைத்தியம்க்கா, வேற ஒண்ணுமில்ல.

சின்னதுல இப்படி இல்ல. நல்லா வாயடிச்சுக்கிட்டு இருந்த பிள்ளை. நாலு வயசுல ஒரு தடவை காதுவலின்னு பத்து நாளு துடிச்சா. சீழ் வடிஞ்சுச்சு. பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி ஊத்துனோம், நின்னு போச்சு. அதுக்கப்புறம் வருஷா வருஷம் மழைக்காலத்துல கொஞ்சம் வடியும், நின்னுரும். அந்த வலியில கொஞ்சம் செல்லம் குடுத்தேன், அதான் தப்பாப் போச்சு. பேச்சு கூட கொழகொழன்னு ஆயிருச்சு பாருங்க, எல்லாம் செல்லம்.

ஸ்கூல்லயா? மெட்ரிகுலேஷன்ல சேத்திருந்தேன். கவர்மெண்டு டீச்சர் மக கவர்மெண்டு ஸ்கூல்ல படிக்கலையான்னு கேக்காதீங்க, அது வேற கதை. அங்க எல்லாரையும் உயரத்துக்குத் தக்க உக்கார வைப்பாங்க. இவ வளத்தி, கடைசி பெஞ்சு. போர்டுல எழுதிப் போட்டா அச்சடிச்ச மாதிரி எழுதுவா. டிக்டேஷன் சொன்னா முட்டை. கொரோனா முடிஞ்சு ஸ்கூல் திறந்தப்ப எல்லாரும் மாஸ்க் போட்டுக்கிட்டு இருந்தோமே, அந்த வருஷந்தான் ரொம்ப மோசம். ஒரு பாடமும் தேறல. மாஸ்கைக் கழட்டுன அடுத்த வருஷம் கொஞ்சம் பரவாயில்ல. இப்ப மறுபடி கழுதை தேஞ்சு கட்டெறும்பு ஆன கதைதான். கிளாஸ் டீச்சர் என்னைக் கூப்பிட்டு விட்டு, 'உங்க பிள்ளை வேணும்னே அவமரியாதை பண்ணுது, நீங்களே ஒரு டீச்சர்'னு சொன்னாங்க. நீங்களே ஒரு டீச்சர்! அந்த வார்த்தை இருக்கே, செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சுக்கா. வீட்டுக்கு வந்து ஸ்கேலு முறியுற வரைக்கும் அடிச்சேன். அழுதா. எதுக்கு அடிக்கிறேன்னு கேக்கக் கூட இல்ல. நான் இம்புட்டு வருஷமா இவளுக்குச் சொன்னதெல்லாம் செவிடன் காதுல ஊதுன சங்குதான்.

என்னக்கா, இவளையே பாத்துக்கிட்டு வர்றீங்க? அழகாத்தான் இருப்பா, எங்க வீட்டுக்காரரு ஜாடை. அழகு இருந்து என்ன பண்ண?

சரி, கதைய விட்டுட்டேன் பாருங்க. மார்ச் மாசம் ஒம்பதாவது பயிற்சி வந்துச்சு. 'வகுப்பறையில் சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகள்'. ஆண்டுப் பரிட்சை நேரம், பேப்பர் கட்டு ஒரு பக்கம், மாமியாருக்குச் சர்க்கரை ஏறி ஒரு பக்கம். எனக்கு உடம்புல உசுரே இல்ல. பதினோரு பேரோடதையும் ராத்திரி ராத்திரியா வீட்டுலயே ஓட்டி, கடைசியில ஒரே சாயங்காலத்துல பதினோரு பேருக்கும் நாந்தான் பதில் போட்டேன். ஒரு பேப்பர்ல விடையை எழுதி வச்சுக்கிட்டு வரிசையா அமுக்கிக்கிட்டே போனேன். அந்தப் பத்தியும் ஒரு தடவை எழுதி, அதையே பதினோரு பேருக்கும் ஒட்டி விட்டுட்டேன்.

அந்தப் பத்தியிலதான் மாட்டுனேன். என்ன எழுதியிருந்தேன்னா, 'ஒரு தாயாகவும் ஆசிரியையாகவும் இந்தப் பயிற்சி என் கண்களைத் திறந்தது. என் ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடவேளையில் ஒவ்வொரு குழந்தையையும் இப்போது புதிதாகப் பார்க்கிறேன்.' நல்லாத்தான எழுதியிருக்கேன்? ஆனா அதையே ஹெட்மாஸ்டரும் எழுதியிருக்காரு. மனுசனுக்கு மீசை இந்தக் காதுல இருந்து அந்தக் காது வரைக்கும் இருக்கும். பி.டி. சாருக்கு இன்னும் கல்யாணமே ஆகல, அவரும் தாயாயிட்டாரு. டிராயிங் மாஸ்டரு கணக்குப் பாடவேளையில கண்ணைத் தொறந்திருக்காரு. ஆபீஸ்ல எவளோ வேலையத்தவ உக்காந்து படிச்சுப் பாத்திருக்கா போல. இருபது வருஷமா நாங்க எழுதி அனுப்புறதை ஒருத்தரும் படிச்சதில்ல, இந்த ஒண்ணைப் போயிப் படிச்சிருக்கா.

வந்துச்சு மெமோ. 'தலைமை ஆசிரியர் உட்பட தங்கள் பள்ளியின் பதினோரு பேரும் ஒரே மாலையில், ஒரே சொற்களில் தாயுணர்வு அடைந்தது எவ்வாறு என்பதற்கு உரிய விளக்கம் அளிக்கவும்.' நக்கலைப் பாத்தீங்களா? எங்க வீட்டுக்காரரு படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரல. விளக்கம் சரியில்லேன்னா மாறுதல் போட்டு எங்கயாவது மலையடிவாரத்துல தூக்கிப் போட்ருவாங்க. ரெண்டு பஸ்ஸு மாறிப் போகணும்.

மெமோ வந்த அன்னைக்கு ஸ்டாஃப் ரூமப் பாக்கணுமே. வடை வாங்கிக் குடுத்த கை ஒண்ணு கூட மேல எந்திரிக்கல. 'டீச்சரைத்தான நம்பிக் குடுத்தோம்'னு பி.டி. சார் சொல்றாரு. ஹெட்மாஸ்டர் கழுவுற மீன்ல நழுவுற மீனு, 'நீங்களே நேர்ல போயி விளக்கத்தைக் குடுத்துட்டு வந்துருங்கம்மா, உங்களுக்குத்தான் பேச வரும்'னு சொல்லிட்டாரு. ஜெயசீலி டீச்சர் மட்டும் என் கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அந்த விளக்கத்தை எழுதுனதும் யாருங்குறீங்க? நாந்தான்! பதினோரு பேருக்கும் நாந்தான் சொல்லச் சொல்ல அவங்கவங்க கையால எழுதுனாங்க. இந்தத் தடவை உஷாரா ஒவ்வொருத்தருக்கும் வேற வேற மாதிரி சொன்னேன். அதுதான் இந்தப் பையில இருக்கு.

பத்தியாவது போகட்டும்க்கா, அது என் தப்பு, ஒத்துக்குறேன். எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, மெமோவுக்குப் பின்னாடி இன்னொரு தாளு வச்சிருக்காங்க. ஏழாவது கேள்விக்குப் பதினோரு பேரும் ஒரே தப்பான விடை போட்டிருக்கோமாம். கேள்விய அப்படியே சொல்றேன், எனக்கு மனப்பாடம். 'பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்க்காத மாணவர் ஒருவர் உங்கள் வகுப்பில் இருக்கிறார். நீங்கள் முதலில் செய்வது என்ன?' அ, முன்வரிசையில் உட்கார வைத்துக் கண்டிப்பேன். ஆ, பெற்றோரை அழைத்து ஒழுக்கம் பற்றிப் பேசுவேன். இ, செவித்திறன் பரிசோதனைக்குப் பரிந்துரைப்பேன். ஈ, சில நாள் பொறுத்துப் பார்ப்பேன்.

நான் ஆ போட்டேன். இப்பக் கேட்டாலும் ஆ தான் போடுவேன். இருபத்தியோரு வருஷமாப் பிள்ளைகளைப் பாக்குறேன், எனக்குத் தெரியாதா? கூப்பிட்டாத் திரும்பாத பிள்ளை திமிரு புடிச்ச பிள்ளை. அதுக்குப் போயி ஆஸ்பத்திரியா? ஆபீஸ்ல போயி இதையும் கேக்கத்தான் போறேன். ஏ.சி. ரூம்ல உக்காந்து கேள்வி எழுதுறவங்களுக்குப் பிள்ளைகளைப் பத்தி என்ன தெரியும்? என் வீட்டுலயே ஒண்ணு இருக்கு, வந்து பாருங்கன்னு சொல்லுவேன்.

என்னக்கா? எதுக்கு முந்தானைய எடுத்து வாயில வச்சுக்குறீங்க, மீன் நாத்தமா? ஓ, இவளைக் கூப்பிடுறீங்களா. அவதான் உங்களையே பாத்துக்கிட்டு இருக்காளே. இன்னும் சத்தமாக் கூப்பிடுங்க, பஸ் சத்தத்துல கேக்காது. முன்சீட்டுக்காரரு திரும்பிப் பாக்குறாரு, இவ என்னடான்னா உங்க முந்தானையவே பாத்துக்கிட்டு இருக்கா. பாத்தீங்களா? வெளி ஆளுன்னு கூட மரியாதை கிடையாது. ஏய் இலக்கி, பெரியம்மா கூப்பிடுறாங்கல்ல?

இப்ப எதுக்கு முந்தானைய எடுத்துட்டீங்க? என்ன கேட்டீங்க இவகிட்ட? எனக்கு ஒண்ணும் கேக்கலையே.

இட்லி சாப்பிட்டேன்னு சொல்றாளே. என்னக்கா கேட்டீங்க? காலையில என்ன சாப்பிட்டேன்னா?

எனக்குக் கேக்கலையேக்கா. நான் நடுவுலதான் உக்காந்திருக்கேன்.

சத்தமே போடலையா? உதட்ட மட்டுமா அசைச்சீங்க?

இன்னொரு தடவை பண்ணுங்க. என் கண்ணு முன்னாடி பண்ணுங்க. 'உன் பேரு என்ன'ன்னு... சொல்லிட்டாக்கா. இலக்கியான்னு சொல்றா. சிரிச்சுக்கிட்டே சொல்றா. நீங்க மூச்சு கூட விடல.

இல்ல, நீங்க பேசாதீங்கக்கா. கொஞ்சம் இருங்க. எனக்குப் புரியுது. உங்க பால்வாடியில ஒரு பிள்ளை இப்படி இருந்துச்சுன்னு நீங்க சொல்ல வேணாம். எனக்கு மனப்பாடமாத் தெரியும். 'பேசுபவரின் வாயை உற்றுப் பார்ப்பார்கள். சொல்வதை எழுதுவதில் பின்தங்குவார்கள். உச்சரிப்பு தெளிவிழந்து போகலாம். காதில் சீழ் வடிந்த வரலாறு இருக்கலாம்.' அந்தப் பச்சைப் புடவைக்காரம்மா சொன்னதுதான். கீழ ஓடுச்சு. வெங்காயம் உரிச்சுக்கிட்டே பதினோரு தடவை பாத்திருக்கேன், எழுத்தைத்தான் பாத்தேன். ஐயோ, என் பிள்ளையப் பாக்கலையேக்கா. ஸ்கேலு முறியுற வரைக்கும் அடிச்சேனே.

அக்கா, இன்னொண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லல. நான் அதைப் பெருசாவே நெனைக்கல. அந்த ஏழாவது கேள்வி வந்தப்ப இவ பக்கத்துலதான் ஸ்டூல்ல உக்காந்திருந்தா. நான் ஆ-வை அமுக்கப் போனேன். இவ விரல நீட்டி இ-யைத் தொட்டுக் காட்டுனா. 'அம்மா, இதும்மா'ன்னா. பெரியவங்க பரிட்சையில உனக்கு என்னடி வேலைன்னு கையத் தட்டி விட்டேன். அது என்னோட பேருக்கு. அடுத்து ஜெயசீலி டீச்சருக்குப் போட்டப்ப மறுபடி காட்டுனா. மறுபடி தட்டி விட்டேன். அப்புறம் ஒம்பது பேருக்குப் போட்டேன். பக்கத்துலயேதான் உக்காந்திருந்தா. காட்டல. சும்மா பாத்துக்கிட்டு இருந்தா.

ஒரு தாயாக என் கண்களைத் திறந்ததுன்னு அதுக்கப்புறந்தான் எழுதுனேன்.

தண்ணி வேணாம்க்கா. நீங்க குடிங்க. இந்தப் பைய மட்டும் கொஞ்சம் புடிங்க. நனைஞ்சா நனையட்டும்.

என்ன கண்டக்டர் சார்? ஆமா, கல்வி ஆபீஸ்தான் கேட்டேன். இல்ல சார், இறங்கல. விசில் குடுங்க. பெரியாஸ்பத்திரி இன்னும் எத்தனை ஸ்டாப்பு? அதுக்கு ரெண்டு டிக்கெட் போடுங்க. எனக்கும் இந்தப் பிள்ளைக்கும். காதுக்குப் பாக்குற டாக்டரு இந்நேரம் இருப்பாரா சார்? உங்களுக்கு எங்க தெரியும். இருப்பாரு. இல்லேன்னா வர்ற வரைக்கும் உக்காந்திருக்கோம். மெமோ எங்க போயிரப் போகுது? மலையடிவாரத்துல போட்டாப் போடட்டும்.

இலக்கி. இங்க திரும்பு. அம்மா மூஞ்சியப் பாரு. அம்மா வாயைப் பாரு. நாம டாக்டரைப் பாக்கப் போறோம். காதுக்கு. உனக்கு ஒண்ணுமில்ல. அம்மா கூடவே இருப்பேன். சரியா? எதுக்கு என் கண்ணைத் தொடைக்கிற, எனக்கு ஒண்ணுமில்லடி, தூசி.

என்ன? மெதுவாச் சொல்லு. என்ன கேக்குற?

அக்கா, இவ என்ன கேக்குறா தெரியுமா? 'அப்ப இன்னைக்கு ஹாஸ்டல்ல விட மாட்டியாம்மா'ன்னு கேக்குறா.

நான் இவகிட்டச் சொல்லவே இல்லையேக்கா. உங்ககிட்டத்தான சொன்னேன்.